தேன் இனிக்கிறது, மருந்து என்ன?

பிள்ளைகளுக்குக் கசப்பு மருந்து கொடுப்பது பெரும்பாடு. தாய்மார்கள் அதைத் தேனில் குழைத்துக் கொடுப்பார்கள். பாடத்தை விளையாட்டில் குழைத்துக் கொடுப்பதும் அப்படித்தான். அதற்காகவே கம்ப்யூட்டரில் கல்வி விளையாட்டுகள் வந்தன.

இவற்றை விமர்சகர்கள் இரண்டு விதமாகக் குறை சொல்வது வழக்கம். ஒன்று: வெறும் தேன், பாடமே இல்லை! மற்றொன்று: வெறும் மருந்து, பிள்ளை தொடாது!

இந்த இரண்டு குறைக்கும் தப்பிய விளையாட்டு ஒன்று உண்டு. அதன் பெயர் "ஓரிகன் டிரெயில்". ஓரிகன் பாதை என்று பொருள். அமெரிக்காவில் பிறந்தது, பெரும் புகழ் பெற்றது. பிறகு அதன் மீது மூன்றாவதாக ஒரு குற்றச்சாட்டு எழுந்தது. பெற்றோர் ஒவ்வொருவரும் அறிய வேண்டிய குற்றச்சாட்டு அது.

மாட்டு வண்டிப் பயணம்

1840-களில் அமெரிக்கர் பலர் மேற்கே குடியேறப் புறப்பட்டார்கள். மிசௌரியிலிருந்து ஓரிகனுக்குச் சுமார் 2 ஆயிரம் மைல். ரெயில் கிடையாது. துணிக் கூரை போட்ட மாட்டு வண்டியில் மாதக்கணக்கில் போனார்கள். வழியில் காலரா வந்தது. ஆற்றில் வண்டி கவிழ்ந்தது. பலர் மாண்டார்கள்.

1971-ல் மினியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ச் என்ற இளைஞர், பயிற்சி ஆசிரியராக வரலாறு நடத்திக்கொண்டிருந்தார். இந்தப் பயணத்தை மாணவர்களுக்கு எப்படிப் புரிய வைப்பது? யோசித்தார். பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்ற நண்பர்கள் துணைக்கு வந்தார்கள். மூவரும் சேர்ந்து இந்த விளையாட்டை உருவாக்கினார்கள்.

அப்போது பள்ளியில் கம்ப்யூட்டர் திரைகூட இல்லை. தட்டச்சு இயந்திரம் போன்ற ஒரு கருவிதான் இருந்தது. மாணவர்கள் அதில் தட்டினார்கள். எங்கோ இருந்த பெரிய கம்ப்யூட்டரின் பதில் காகிதத்தில் அச்சாகி வந்தது!

1985-ல் படங்களுடன் புதிய பதிப்பு வெளிவந்தது. பள்ளிதோறும் பரவியது.

பாராட்டு ஏன்?

இதில் விளையாடும் பிள்ளைதான் குடும்பத் தலைவன். பாங்கிக்காரனாகப் புறப்பட்டால் கையில் 1,600 டாலர். விவசாயி என்றால் 400 டாலர்தான். ஆனால் விவசாயி பிழைத்து ஊர் சேர்ந்தால் மூன்று மடங்கு மதிப்பெண்!

காளைகள் வாங்க வேண்டும். உணவு, உடை, தோட்டா வாங்க வேண்டும். ஆறு குறுக்கிடும். இறங்கிக் கடப்பதா? காசு கொடுத்துப் படகில் ஏற்றுவதா? தவறினால் குடும்பத்தில் ஒருவர் போய்விடுவார். சீதபேதி வந்தும் சாவார்கள். அந்தச் சாவுச் செய்தி பிற்காலத்தில் சட்டையில் அச்சடிக்கும் அளவுக்குப் புகழ் பெற்றது.

வேட்டையாடலாம். ஆனால் வண்டிக்குச் சுமந்து வர முடிந்தது 100 பவுண்டு இறைச்சிதான். மீதி வீண். பேராசை பயன் தராது என்று யாரும் உபதேசிக்கவில்லை. பிள்ளைக்குத் தானே புரிந்தது.

தேன் தனி, மருந்து தனி என்று இதில் பிரிக்க முடியாது. இதுதான் விமர்சகர்களைக் கவர்ந்தது. 2016-ல் உலக வீடியோ விளையாட்டுப் புகழ் மண்டபத்திலும் இதற்கு இடம் கிடைத்தது.

மறைந்திருந்த மனிதர்கள்

1990-களில் ஒரு கேள்வி எழுந்தது. கேட்டவர் பில் பிகலோ. ஓரிகன் மாநிலத்திலேயே பாடம் நடத்திய ஆசிரியர்! விளையாட்டின் பிந்தைய பதிப்பை அவர் ஆராய்ந்தார். இந்தக் கதை யாருடைய கண்ணால் சொல்லப்படுகிறது என்று கேட்டார். பெண்கள், கறுப்பர்கள், பூர்வகுடி மக்கள் ஆகியோரின் பார்வை எங்கே என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பயணம் முடியும் இடம் வில்லமெட் பள்ளத்தாக்கு. அங்கே சேர்ந்தால் வெற்றி. பிள்ளை கைதட்டும். ஆனால் அது காலி நிலமா? இல்லை. கலபூயா என்ற பூர்வகுடி மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மண் அது. 1850-ல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் போட்டது. குடியேறிய வெள்ளையருக்கு ஆளுக்கு 320 ஏக்கர் இலவசம்! கணவன் மனைவி என்றால் 640 ஏக்கர். நிலத்துக்குரியவர்களோடு உடன்பாடு முடியும் முன்பே இப்படிப் பங்கு போட்டார்கள்.

ஒருவர் வீடு கட்டியபோது மற்றொருவர் வீடு இழந்தார். விளையாட்டு முதல் பாதியை மட்டும் சொல்லிக் கொடுத்தது.

"விளையாட்டுத்தானே! இதற்குப் போய் இவ்வளவா?" என்று சிலர் கேட்கலாம். விளையாட்டு என்பதால்தான் கவலை! பாடப் புத்தகத்தைப் பிள்ளை ஒரு முறை படிக்கும், மறந்துவிடும். விளையாட்டை நூறு முறை ஆடும். அதில் வரும் ஆளாகவே மாறிவிடும். நல்லது ஆழமாகப் பதியும் என்றால், விட்டுப்போனதும் அதே ஆழத்தில் விட்டுப்போகும்.

திருந்திய கதை

உருவாக்கியவர்கள் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் அல்லர். 1974-ல் ராவிட்ச் பயணிகளின் நாட்குறிப்புகளைப் படித்து, உண்மைக்கு ஏற்பச் சம்பவங்களைத் திருத்தினார்.

2021-ல் வந்த புதிய பதிப்புக்குப் பூர்வகுடி வரலாற்று அறிஞர்கள் ஆலோசனை கூறினார்கள். பூர்வகுடிப் பாத்திரமாகவும் ஆட வழி செய்யப்பட்டது. 2019-ல் "வென் ரிவர்ஸ் வேர் டிரெயில்ஸ்" என்ற வேறொரு விளையாட்டு வந்தது. 1890-களில் மினசோட்டாவில் நிலத்தை இழந்த அனிஷினாபே இனத்தவர் ஒருவர் கலிபோர்னியா நோக்கிப் போகும் கதை அது. இரண்டையும் ஆடும் பிள்ளைக்கே பாடம் முழுமையாகும்.

குறை கூறியவர்கள் விளையாட்டைக் கெடுக்கவில்லை. அதை வளர்த்தார்கள்.

பெற்றோரும் இதைச் செய்யலாம். பிள்ளை விரும்பி ஆடுகிறதா? ஏதாவது கற்கிறதா? இந்த இரண்டு கேள்வியோடு நிற்க வேண்டாம். "இந்தக் கதையில் யாரைக் காணோம்?" என்று பிள்ளையிடமே கேளுங்கள். பக்கத்தில் அமர்ந்து பதிலைத் தேடுங்கள்.

தேன் இனித்தால் பிள்ளை வாயைத் திறக்கும். மருந்துச் சீசாவில் ஒட்டிய சீட்டைப் பெரியவர்கள்தான் படிக்க வேண்டும்.