பூட்டைத் திறக்கக் கற்கும் பிள்ளைகள்

மகன் இணையத்தில் 'ஹேக்கிங்' கற்கிறான் என்றதும் மடிக்கணினியைப் பிடுங்கி வைக்கும் பெற்றோரின் அச்சத்தை நாம் ஏற்பதற்கில்லை. எழுத்துகள் வரும் எண்ணிக்கையைக் கொண்டு மறைகுறியீட்டை உடைக்கும் முறையை 9ஆம் நூற்றாண்டிலேயே எழுதி வைத்தவர் அல்கிந்தி. (மத்ரஸாக்களில் அவர் பெயர் அரிதாகவே ஒலிக்கிறது என்பது நம் வருத்தம்.) ஹார்வர்டின் சிஎஸ்50 பாடம் இன்று இலவசம். 'ஜூஸ் ஷாப்' என்னும் செயலியோ பயிற்சிக்கென்றே ஓட்டைகளோடு உருவாக்கப்பட்டது. சொந்தக் கணினியில் நிறுவி விரும்பியவாறு உடைக்கலாம்.

பிறர் தளம் அப்படியன்று. அனுமதி பெறாமல் பிறர் வீட்டினுள் நுழைவதை அந்நூர் அத்தியாயத்தின் 27ஆம் வசனம் தடுக்கிறது. உள்ளே எவரும் இல்லாவிடினும் அத்தடை நீங்காது என்கிறது அடுத்த வசனம். பூட்டப்படாத சர்வருக்கும் இது பொருந்தும் என்பதே நம் கருத்து. தீய நோக்குடன் நுழைவோருக்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஆம் பிரிவு 3 ஆண்டுகள் வரை சிறை விதிக்கிறது. ஆகவே, கணினியைப் பிடுங்குமுன், மகன் திறந்து பார்ப்பது யாருடைய கதவு என்று கேளுங்கள்.