நிலத்தடியில் வளம், தெருவில் விலையேற்றம்: 'நிதி இல்லை' என்பது யாருக்குச் சொல்லப்படுகிறது?

இந்தியா கனிம வளம் மிக்க நாடு. 2024-25 நிதியாண்டில் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைக் கடந்தது. ஒடிசா, ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் மாநிலங்களில் இரும்புத்தாது குவிந்து கிடக்கிறது. தமிழ்நாட்டில் நெய்வேலியின் பழுப்பு நிலக்கரியும் அரியலூரின் சுண்ணாம்புக்கல்லும் சேலத்தின் மேக்னசைட்டும் உள்ளன. ஆயினும் கச்சா எண்ணெய்த் தேவையில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் இறக்குமதி செய்கிறோம். உலகச் சந்தையில் எண்ணெய் விலை ஏறினாலோ ரூபாயின் மதிப்பு சரிந்தாலோ, லாரி வாடகை வழியாக அது நம் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. மண்ணுக்கடியில் வளம் இருப்பதனாலேயே விலையேற்றத்திலிருந்து எவரும் காக்கப்படுவதில்லை. அவ்வளத்தின் வருவாய் யார் கைக்குப் போகிறது என்பதே கேள்வி.

முதலில் பணவீக்கக் கணக்கைப் பார்ப்போம். 2024 அக்டோபரில் சில்லறைப் பணவீக்கம் 6.21 விழுக்காடு; உணவுப் பணவீக்கமோ 10.87 விழுக்காடு. ஓராண்டு கழித்து, 2025 அக்டோபரில், சில்லறைப் பணவீக்கம் 0.25 விழுக்காடாகச் சரிந்தது. முந்தைய ஆண்டின் உச்சத்தோடு ஒப்பிட்டதும், ஜிஎஸ்டி குறைப்பும் இதற்கு முக்கியக் காரணங்கள். பணவீக்கம் குறைவதும் வாழ்க்கைச் செலவு குறைவதும் ஒன்றல்ல. ஆண்டுக்கு 5 விழுக்காடு விலையேற்றம் தொடர்ந்தால், இன்று 100 ரூபாய்க்கு வாங்கும் பொருள் ஐந்தாண்டில் 127 ரூபாயைத் தாண்டும். பிறகு ஓராண்டு பணவீக்கம் பூச்சியமானாலும் அந்த 127 ரூபாய் 100 ரூபாயாகத் திரும்பாது. இடைப்பட்ட காலத்தில் கூலி உயராதவர் இழந்ததை எந்தக் குறியீடும் ஈடு செய்வதில்லை.

மேலும், இந்தக் குறியீடு சராசரிக் குடும்பத்தை அளவாகக் கொண்டது. 2012ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட வரிசையில், நகர்ப்புறத்தில் உணவுக்கும் பானங்களுக்கும் தரப்பட்ட எடை 36.29 விழுக்காடு. வருமானத்தில் பாதியை அரிசிக்கும் பருப்புக்கும் காய்கறிக்கும் கொடுக்கும் குடும்பத்தின் பணவீக்கம் இதனின்றும் வேறு.

சென்னையில் இது யாரைத் தாக்குகிறது? மயிலாப்பூர், தி.நகர், அடையாறு தெருக்களை விடியும் முன் கூட்டுபவர்களை எடுத்துக்கொள்வோம். இப்பணியில் இருப்போரில் பெரும்பாலோர் தலித் மக்கள். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களில் 2020இலேயே குப்பை அகற்றும் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களுக்கும் அதே நிலை வந்தபோது, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தனர். மாதம் ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த ஊதியம் 16,000 ரூபாய் அளவுக்குக் குறையும் என்பது அவர்களின் குற்றச்சாட்டு. ஆகஸ்டு 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது.

நிரந்தர அரசு ஊழியருக்கு விலைவாசிக்கேற்ப ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி உயர்கிறது. அது நியாயமானதே. அதே தெருவில், அதே அரசின் பணியைச் செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த உறுதி இல்லை. விலையேற்றத்திலிருந்து யாருக்குக் காப்பு, யாருக்கு இல்லை என்ற பிரிவு பெரும்பாலும் சாதியின் கோட்டை ஒட்டியே செல்கிறது. ஜக்ஜித் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், சம வேலைக்குச் சம ஊதியம் என்ற கோட்பாடு தற்காலிகப் பணியாளர்க்கும் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் இடையில் ஓர் ஒப்பந்ததாரரை நிறுத்திவிட்டால் தொழிலாளியை அரசின் பணியாளரே அல்லர் என்று சொல்லிவிட முடிகிறது.

பணி நிரந்தரம் கேட்டால் வழக்கமாக வரும் பதில் 'நிதிச்சுமை'. இங்கேதான் கனிமம் குறுக்கே வருகிறது. 2024 ஜூலை 25 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு, 8:1 என்ற பெரும்பான்மையில், கனிம உரிமைகளின் மீது வரி விதிக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று தீர்ப்பளித்தது. அதன்பின் தமிழ்நாடு கனிமவளம் உள்ள நிலங்களின் மீது வரி விதிக்கும் சட்டத்தை இயற்றியது. 2025 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. குவாரி உரிமையாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அரசு அவர்களுடன் பேச்சு நடத்திச் சலுகையும் அறிவித்தது. அதே ஆண்டில் ரிப்பன் மாளிகை முன் அமர்ந்தவர்களுக்குக் கிடைத்தது நள்ளிரவுக் கைது.

கனிம வருவாய் நிலையானதன்று என்பதை மறுக்க வேண்டியதில்லை. உலக விலையோடு அதுவும் ஏறி இறங்கும். கனிமம் எடுப்பதெல்லாம் நன்மை என்றும் நாம் சொல்லவில்லை. மதுரை மாவட்டத்தில் அரிட்டாபட்டிப் பகுதி மக்கள் டங்ஸ்டன் சுரங்கத்தை எதிர்த்துப் போராடியதன் பயனாக, 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. எங்கே தோண்டக்கூடாது என்று சொல்லும் உரிமையும், தோண்டியதன் வருவாயில் பங்கு கேட்கும் உரிமையும் ஒன்றோடொன்று இணைந்தவை.

எனவே நம் கோரிக்கைகள் மூன்று. ஒப்பந்தத் தூய்மைப் பணியாளரின் ஊதியத்தை விலைவாசிக் குறியீட்டோடு இணைத்து, ஆண்டுக்கு இருமுறை திருத்த வேண்டும். கனிம நில வரியில் வந்த தொகையையும் செலவான தலைப்புகளையும் அரசு மாவட்டவாரியாக வெளியிட வேண்டும். 2024இல் இயற்றப்பட்ட ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டத்தின்கீழ் மக்கள்தொகை விகிதத்துக்கேற்ப ஒதுக்கும்போது, இப்புதிய வருவாயையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 விழுக்காடு.

கல்லூரி மாணவர்கள் இன்றே செய்யக்கூடிய பணி ஒன்றுண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் இரண்டாவது கோரிக்கையைக் கேள்வியாக்கி, தத்தம் மாவட்டத்திலிருந்து அனுப்புங்கள். கணக்கு கையில் கிடைத்தால், 'நிதி இல்லை' என்ற பதிலை அடுத்த பேச்சுவார்த்தை மேசையிலும் நீதிமன்றத்திலும் நாம் எதிர்கொள்ள முடியும்.