உயிரைக் காத்த மையமே புற்றுநோயையும் தடுக்கட்டும்

எச்ஐவி தொற்றுள்ள ஒருவர் மாத்திரையைத் தவறாமல் உட்கொண்டால், ஏறக்குறைய மற்றவர்களைப் போலவே முதுமை வரை வாழ முடியும். 1986-இல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் நாட்டின் முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டறிந்தபோது யாரும் எதிர்பார்த்திராத நிலை இது. 2004 ஏப்ரலில் தாம்பரம் உள்ளிட்ட சில அரசு மருத்துவமனைகளில் தொடங்கிய இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சைக்கு (ஏஆர்டி) இதில் பெரும்பங்கு உண்டு. எச்ஐவியிலிருந்து மீட்டெடுத்த உயிர்களைப் பிற்காலத்தில் புற்றுநோய்க்குப் பறிகொடுக்கலாமா? அவர்களுக்குப் புற்றுநோய் வரும் காரணங்களில் பல தடுக்கக்கூடியவை. தடுக்கும் பொறுப்பை, மாத்திரை வழங்கும் ஏஆர்டி மையங்களே ஏற்க வேண்டும்.

இந்தப் புற்றுநோய்களில் பெரும்பாலானவற்றை எச்ஐவி நேரடியாக உண்டாக்குவதில்லை. உடலில் தங்கியிருக்கும் வேறு கிருமிகளை நோய் எதிர்ப்பாற்றல் அடக்கி வைத்திருக்கிறது. எச்ஐவியால் அது தளர்ந்தால் அவை தலைதூக்குகின்றன. எச்பிவி கிருமியால் கருப்பைவாய்ப் புற்றுநோய் வருவது இப்படித்தான். எச்ஐவி உள்ள பெண்களுக்கு இந்த ஆபத்து ஏறத்தாழ 6 மடங்கு அதிகம். அதனால்தான் மற்றப் பெண்களுக்கு 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கச் சொல்லும் உலக சுகாதார நிறுவனம், இவர்களுக்கு 25 வயதிலேயே தொடங்கி 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்யும்படி 2021-இல் பரிந்துரைத்தது. கூட்டு மருந்தைத் தாமதமின்றித் தொடங்கியவர்களுக்குக் கிருமித்தொற்று சார்ந்த புற்றுநோய்கள் குறைவு என்பதை 2015-இல் வெளியான ஸ்டார்ட் என்ற மருத்துவ ஆய்வும் உறுதிசெய்தது.

எச்ஐவியோடு ஹெபடைட்டிஸ் சி கிருமியும் சேர்ந்துகொண்டால் ஆபத்து கல்லீரலுக்கு. இரண்டு கிருமிகளும் ஒரே ஊசியின் வழியாகப் பரவக்கூடியவை. எச்ஐவி உள்ளவர்களுக்குக் கல்லீரல் தழும்பேறிச் சுருங்குவதும் விரைவாக நடக்கிறது. மது அதை மேலும் விரைவுபடுத்துகிறது. ஆனால், ஹெபடைட்டிஸ் சி இன்று குணமாகும் நோய். தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் 2018 முதல் மருந்து இலவசம். பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரையே போதும், நூற்றில் 95 பேருக்குமேல் குணமாகிறார்கள். கிருமி நீங்கிவிட்டது என்று அதோடு விட்டுவிடக் கூடாது. கல்லீரல் ஏற்கெனவே சுருங்கியிருந்தால் புற்றுநோய் ஆபத்து தொடர்கிறது. 6 மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்தாக வேண்டும்.

கிருமிகளைப் பற்றி இவ்வளவு பேசும் நாம், புற்றுநோய்க்கு மற்றொரு காரணமான புகையிலையைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம். தரமான எச்ஐவி சிகிச்சை கிடைக்கும் டென்மார்க்கில் 2013-இல் வெளியான ஆய்வு, புகைபிடிக்கும் எச்ஐவி நோயாளிகள் எச்ஐவியால் இழப்பதைவிடக் கூடுதலான ஆயுளைப் புகையால் இழக்கிறார்கள் என்று காட்டியது. அங்கே சிகரெட் என்றால் இங்கே பீடியும் குட்காவும். ஏற்கெனவே பழிச்சொல்லைச் சுமப்பவர்களிடம் பழக்கங்களைப் பற்றியும் கேட்பது குற்றம் சாட்டுவதாகாதா என்று சிலர் வருந்துகிறார்கள். நியாயமான கவலைதான். ஆனால், குற்றம் சாட்டுவது வேறு, விடுபட உதவுவது வேறு. பழிச்சொல்லுக்கு அஞ்சித் தகவலை மறைத்தால் இழப்பு நோயாளிக்குத்தான்.

ஏஆர்டி மையங்கள் ஏற்கெனவே கூட்டத்தில் திணறுகின்றன, புற்றுநோய்ப் பரிசோதனைக்குப் பொது மருத்துவமனை இருக்கிறதே என்பது மற்றொரு வாதம். பணிச்சுமை உண்மைதான், அதற்குத் தீர்வு கூடுதல் செவிலியர்களும் ஆலோசகர்களும். நோயாளியை வேறு வரிசைக்கு அனுப்பினால், தன் நோயை இன்னொருவரிடம் சொல்ல அஞ்சியே பலர் போகாமல் இருந்துவிடக்கூடும். மாத்திரைக்காக அவர்கள் தவறாமல் வந்துசெல்லும் இடம் ஏஆர்டி மையம். கருப்பைவாய்ப் பரிசோதனை, ஹெபடைட்டிஸ் சி பரிசோதனை, கல்லீரலைத் தாக்கும் மற்றொரு கிருமியான ஹெபடைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி, கல்லீரல் ஸ்கேன், புகையிலையை விடுவதற்கான ஆலோசனை ஆகிய ஐந்தும் அங்கேயே, அதே நாளில் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு நோயாளியின் அட்டையிலும் நோய் எதிர்ப்பாற்றலைக் காட்டும் சிடி4 எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இவையும் பதிவாகட்டும். எத்தனை பேருக்கு மாத்திரை கொடுத்தோம் என்று கணக்குக் காட்டும் அரசு, எத்தனை பேருக்கு இவற்றைச் செய்து முடித்தோம் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.