நிறுத்தும் பொத்தான் யார் கையில்?

வகுப்பறையில் குறும் காணொலிகளைக் காட்டிப் பாடம் நடத்துவது குறித்து, ஆசிரியர் இயக்கத்தில் பணியாற்றும் தோழர்கள் சிலரிடம் இரண்டு ஆட்சேபங்கள் உள்ளன. கல்வியை வணிகமாக்கும் நிறுவனங்கள் பள்ளிக்குள் நுழையும் வாசல் அது, ஆகவே முற்றாக எதிர்க்க வேண்டும் என்பது ஒன்று. கேளிக்கை காட்டிக் கற்பித்தால் பாடத்தின் கனம் குறைந்துவிடும் என்பது மற்றொன்று. முதலாவதில் நியாயம் இருக்கிறது. அதிலிருந்து எடுக்கும் முடிவு மட்டும் தவறானது. இரண்டாவது ஆட்சேபம் நம்மிடமிருந்து எழவே கூடாது.

1978இல் ஜன நாட்டிய மஞ்ச் தில்லியில் நடத்திய ‘மெஷின்’ வீதி நாடகம் ஏறத்தாழ 13 நிமிடங்கள்தான். நடிகர்களே இயந்திரத்தின் உறுப்புகளாக நின்று, அது எப்படி இயங்குகிறது, ஏன் நின்றுபோகிறது என்று காட்டினார்கள். தொழிலாளியை ரசிக்க வைத்துச் சிந்திக்க வைத்த அந்த வடிவத்தைப் பெருமையுடன் நினைவுகூரும் நாம், குழந்தைக்கு மட்டும் அலுப்பூட்டும் கல்வியே உயர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

ஓர் எடுத்துக்காட்டு. பத்தாம் வகுப்பு வரலாற்றில் தொழில்மயமாக்கல் பற்றிய பாடம் உண்டு. அதற்குச் சார்லி சாப்ளினின் ‘மாடர்ன் டைம்ஸ்’ (1936) படத்தின் தொடக்கக் காட்சியில் மூன்று நிமிடங்கள் போதும். ஓடும் பட்டையில் வரும் திருகுகளைச் சாப்ளின் முடுக்கிக்கொண்டே இருக்கிறார். வேலையை விட்டு நகர்ந்த பின்னும் கைகள் தாமாகவே முடுக்குகின்றன. வகுப்பு சிரிக்கும். அந்த இடத்தில் ஆசிரியர் காணொலியை நிறுத்தி, பட்டையின் வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பீடி சுற்றும் தாயின் பிள்ளையும் தையல் ஆலையில் வேலை செய்பவரின் பிள்ளையும் அதற்குச் சொல்லும் பதிலிலிருந்துதான் பாடம் தொடங்குகிறது. நிறுத்தாமல் ஓடவிட்டால் சிரிப்பு நினைவில் நிற்கும், வரலாறு நழுவிவிடும். அதே படத்தில் முதலாளி தன் அறையில் இருந்தபடியே திரை வழியாகத் தொழிலாளர்களைக் கண்காணிக்கிறார், வேகத்தைக் கூட்டச் சொல்கிறார். திரை யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியைச் சாப்ளின் அன்றே எழுப்பிவிட்டார்.

நம் நாட்டில் இந்த முயற்சி தனியார் செயலிகளோடு தொடங்கியதல்ல. பொதுத்துறையான ஃபிலிம்ஸ் டிவிஷன் 1974இல் விஜயா முலேயைக் கொண்டு ‘ஏக் அநேக் ஔர் ஏக்தா’ என்ற ஏழு நிமிட அசைபடத்தை எடுத்தது. வேடனின் வலையோடு சேர்ந்து பறக்கும் பறவைகளின் கதை அது. ஒன்று, பல, ஒற்றுமை ஆகிய கருத்துகளைப் பாட்டோடு சொல்லித் தந்த அந்தப் படத்தைத் தூர்தர்ஷன் வழியாக ஒரு தலைமுறையே பார்த்து வளர்ந்தது.

அடுத்த ஆண்டு சைட் திட்டம் வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களில் செயற்கைக்கோள் வழியே தொலைக்காட்சி இயங்கியது. காலையில் பள்ளிக் குழந்தைகளுக்கு, மாலையில் பெரியவர்களுக்கு. மின்சாரமே எட்டாத ஊர்களும் அவற்றில் இருந்தன. அவசரநிலைக் காலத்தில் நடந்தது என்பதால் அதை ஒதுக்கிவிட வேண்டியதில்லை. ஆரம்பப் பள்ளி ஆசிரியர்களுக்கு அறிவியல் கற்பிக்கும் பயிற்சியும் அதே திரையில் அளிக்கப்பட்டது. ஆனால் இரண்டு குறைகள் அதன் அமைப்பிலேயே இருந்தன. ஒளிபரப்பு ஒருவழிப் பாதை. புரியாத இடத்தில் எந்த ஆசிரியரும் அதை நிறுத்த முடியாது. செயற்கைக்கோளோ அமெரிக்காவின் நாசாவுடையது. ஓராண்டு முடிந்ததும் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிறர் உடைமையாக உள்ள கருவியை நம்பிப் பள்ளியை நடத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். இன்று அந்த இடத்தில் நிறுவனங்கள் இருக்கின்றன. 2022இல் 2,200 கோடி டாலர் மதிப்புடையதாகப் பேசப்பட்ட பைஜூஸ், 2024 ஜூலையில் திவால் நடவடிக்கைக்குள் சென்றது.

இதற்கு மாறான அனுபவம் கேரளத்தில் கிடைத்தது. பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டிருந்த 2020 ஜூன் 1 அன்று, அரசின் விக்டேர்ஸ் அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. முதல் வகுப்புக் குழந்தைகளுக்கு இரண்டு பூனைகளின் கதையை ஆடியும் குரல் மாற்றியும் சொன்ன ஆசிரியையை மாநிலமே பார்த்தது. பெரியவர்கள் சிலர் கேலி செய்தார்கள். குழந்தைகள் அந்தப் பூனைகளை விடவில்லை. அவர் அரசுச் சம்பளத்தில் அமர்த்தப்பட்ட விளம்பர நடிகர் அல்லர், வகுப்பறையிலிருந்து வந்த ஆசிரியர் என்பதே இங்கு முக்கியம். குறையும் இருந்தது. இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களுக்கு அந்த வகுப்புகளைக் காண வசதியில்லை என்று தெரியவந்தது. இளைஞர், மாணவர் அமைப்புகள் தொலைக்காட்சிப் பெட்டிகளைத் திரட்டிக் கொடுத்தன. நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் கூட்டாகப் பார்க்க ஏற்பாடானது.

இனி ஒன்றிய அரசின் பாதைக்கு வருவோம். திக்‌ஷா தளம், பி.எம். இவித்யா, பாடநூல்தோறும் கியூஆர் குறியீடு என்று அறிவிப்புகளுக்குக் குறைவில்லை. கல்வி அமைச்சகத்தின் 2024-25 யூடைஸ் புள்ளிவிவரமோ, ஒரே ஓர் ஆசிரியர் உள்ள பள்ளிகள் 1,04,125 என்கிறது. அவற்றில் ஏறத்தாழ 33.76 லட்சம் குழந்தைகள் படிக்கிறார்கள். இணைய வசதி உள்ள பள்ளிகள் 63.5 சதவீதம் மட்டுமே. ஓராசிரியர் பள்ளியில் திரை என்ன வேலை செய்யும் என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றாம் வகுப்புக்கு எழுத்துச் சொல்லித் தரும் நேரத்தில், மற்ற நான்கு வகுப்புப் பிள்ளைகளும் அமைதியாக உட்கார வேண்டும் என்பதற்காகக் காணொலி ஓடும். நிறுத்திக் கேள்வி கேட்க ஆளில்லை. அங்கே அது பாடமல்ல, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. இந்த ஏற்பாட்டைத்தான் நவீனமயம் என்ற பெயரில் ஏழைகளின் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, ஆசிரியர் நியமனத்தைத் தள்ளிப்போடுகிறார்கள். வசதி படைத்தோரின் பள்ளியில் திரையும் உண்டு, அதனருகே ஆசிரியரும் உண்டு.

ஆகவே நாம் எதிர்க்க வேண்டியது காணொலியை அல்ல, ஆசிரியர் இல்லாத காணொலியை. திரையும் இணையமும் கோரும் மனுவிலேயே காலிப் பணியிடங்களை நிரப்பும் கோரிக்கையும் இருக்க வேண்டும். எந்தத் துணுக்கு, எந்தப் பாடத்தில், எந்த இடத்தில் என்பதை வகுப்பு ஆசிரியரே முடிவு செய்ய வேண்டும். இன்ன நாளில் இத்தனை காணொலி காட்டியாக வேண்டும் என்ற சுற்றறிக்கைகளை ஏற்கக் கூடாது. பொதுப்பணத்தில் தயாராகும் காணொலிகள் இணையம் இல்லாத பள்ளியிலும் பார்க்கும்படி, கட்டுப்பாடின்றிப் பிரதி எடுக்கத்தக்கவையாகத் தாய்மொழிகளில் கிடைக்க வேண்டும்.

அரசு செய்யும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலையும் ஒன்று உண்டு. ஆசிரியர் சங்கக் கிளைகள், மக்கள் அறிவியல் இயக்கத் தோழர்களுடன் சேர்ந்து, வகுப்புவாரியாகத் துணுக்குகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றையும் எந்த நொடியில் நிறுத்துவது, அப்போது என்ன கேட்பது என்ற குறிப்போடு தொகுக்கலாம். வரும் கோடை விடுமுறையிலேயே இதைத் தொடங்கலாம்.