சேலம் டு சென்னை ஒரு மணி நேரம்: யார் வாசலிலிருந்து?

மூங்கில்துறைப்பட்டில் கரும்புப் பணம் கைக்கு வந்த ஒருத்தர் கேட்டார்: "சார், நாலு பேரும் ஃப்ளைட்லயே சென்னை போயிடலாமா? சேலத்துல ஏறினா ஒரு மணி நேரம்தானே?"

அந்த ஒரு மணி நேரம் விமானத்தோட கணக்கு. நீங்க உங்க வாசலிலிருந்து எண்ணுங்க. சேலம் விமான நிலையம் ஊருக்குள் இல்லை, ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கு. கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழியா காரில் மூணு மணி நேரத்துக்கு மேல். அதுவும் சென்னைக்கு எதிர்த்திசையில்! செக்-இன் கவுண்டரை ஒரு மணி நேரம் முன்னாடியே மூடிடுவாங்க. மீனம்பாக்கத்தில் இறங்கிப் பெட்டி எடுத்து வெளியே வர இன்னும் கொஞ்ச நேரம். கூட்டினா ஆறு மணி நேரம் ஆயிடும். திருவண்ணாமலையில் பஸ் மாறிப் போனாலும் கிட்டத்தட்ட அதே நேரம்தான்.

செலவு? நாலு டிக்கெட், அதுக்கு 5% ஜிஎஸ்டி, கார் வாடகை. சாதா பஸ்ஸுக்கு ஜிஎஸ்டியே கிடையாது.

புள்ளைங்களை ஒரு தடவை ஃப்ளைட்ல ஏத்தணும்னா தாராளமா ஏத்துங்க. ஆனா அதைப் பயணச் செலவுன்னு எழுதாதீங்க, பொழுதுபோக்குன்னு எழுதுங்க.

டெல்லின்னா கணக்கே வேற. சென்னையிலிருந்து ரயிலில் ஒரு நாளுக்கு மேல் ஆகும், ஃப்ளைட்டில் சுமார் மூணு மணி நேரம். அதுக்கு தயங்காம டிக்கெட் போடுங்க. சென்னை வரைக்கும் மட்டும் பஸ்லயே போங்க.