தாதிமை நேர்காணலுக்கு மனப்பாடம் கைகொடுக்குமா?

பல்கலைக்கழகத்தில் தாதிமைப் பட்டக்கல்வி பயில விரும்பும் மாணவர்களுக்குத் தேர்வில் நல்ல மதிப்பெண் பெறுவது மட்டும் போதாது. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகம் மருத்துவம், பல் மருத்துவம், சட்டம் ஆகிய துறைகளுக்கு நேர்காணல் நடத்துவதைப் போலவே தாதிமைத் துறைக்கும் நடத்துகிறது. பலதுறைத் தொழிற்கல்லூரிகளின் முன்கூட்டிய சேர்க்கைத் திட்டத்தின்வழி தாதிமைப் பட்டயக் கல்விக்கு விண்ணப்பிப்போரும் நேர்காணலைச் சந்திக்க வேண்டியிருக்கிறது. அந்த நாள் நெருங்கும்போது மாணவர் பலர் செய்யும் முதல் வேலை, கேட்கப்படக்கூடிய கேள்விகளைத் திரட்டுவது. அடுத்த வேலை, அவற்றுக்கு மாதிரிப் பதில்களை எழுதி வரி பிசகாமல் மனனம் செய்வது. இதற்காகக் கட்டணம் செலுத்திப் பயிற்சி வகுப்புக்குச் செல்வோரும் உண்டு.

இத்தகைய ஆயத்தத்தால் மாணவருக்கு நன்மை குறைவு. அவர் பிற்காலத்தில் பராமரிக்கப்போகும் நோயாளிக்கோ நன்மையே இல்லை. நேர்காணலுக்கு ஆயத்தமாவது அவசியம்தான். எனினும், பதில்களைத் தேடுவதற்கு முன் பணியைத் தேடிச் சென்று பார்ப்பதே சரியான தொடக்கமாகும்.

முதலில், தாதிமைத் துறைக்கு நேர்காணல் எதற்கு என்பதை எண்ணிப் பார்க்கவேண்டும். உடற்கூறு, மருந்தியல், நுண்ணுயிரியல் முதலிய பாடங்களைக் கற்கும் திறன் தாதியருக்கு இன்றியமையாதது. அந்தத் திறனை மதிப்பெண் காட்டிவிடும். ஆனால், பின்னிரவு மூன்று மணிக்கு மனக்குழப்பத்துடன் விழித்தெழுந்து, கையில் செருகப்பட்ட ஊசியைப் பிடுங்க முயலும் முதியவரிடம் ஒருவர் பொறுமையுடன் நடந்துகொள்வாரா என்பதை எந்த மதிப்பெண்ணாலும் காட்ட இயலாது. மேலும், தாதிமைக் கல்வியின் பெரும்பகுதி வகுப்பறைக்கு வெளியே, மருத்துவமனைப் படுக்கைப் பிரிவுகளில் நடைபெறுகிறது. பட்டம் பெறுவதற்கு முன்பே மாணவர்கள் உண்மையான நோயாளிகளைத் தொட்டுப் பராமரிக்கிறார்கள். ஆகவே, நோயாளியின் பாதுகாப்பு நேர்காணல் அறையிலேயே தொடங்கிவிடுகிறது எனலாம்.

"நீங்கள் ஏன் தாதியாக விரும்புகிறீர்கள்?" என்பது எல்லாரும் எதிர்பார்க்கும் கேள்வி. "சிறு வயதிலிருந்தே பிறருக்கு உதவுவது எனக்குப் பிடிக்கும்" என்பது எல்லாரும் சொல்லும் பதில். இப்பதில் பொய்யாக இருக்கவேண்டும் என்பதில்லை. ஆயினும், ஆசிரியரும் தீயணைப்பு வீரரும் சமூக ஊழியரும்கூட இதே பதிலைச் சொல்லலாம். தாதிமைக்கு மட்டுமே உரிய எதுவும் அதில் இல்லை. மாறாக, நீரிழிவு நோயால் பாட்டியின் காலில் ஏற்பட்ட புண்ணுக்குத் தாதி ஒருவர் கட்டுப்போடுவதைக் கூர்ந்து கவனித்த மாணவியை எடுத்துக்கொள்வோம். அந்தத் தாதி சென்ற வாரத்து அளவோடு புண்ணை ஒப்பிட்டுப் பார்த்தார். நிறத்தையும் வாடையையும் குறித்துக்கொண்டார். எந்த அறிகுறி தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு வரவேண்டும் என்று குடும்பத்தாரிடம் விளக்கினார். கட்டுப்போடும் வேலைக்குள் இத்தனை கவனிப்பும் கணிப்பும் கற்பித்தலும் அடங்கியிருப்பதைக் கண்டதால்தான் இந்தத் துறையை நாடியதாக அம்மாணவி கூறினால், அந்தப் பதிலை வேறு எவராலும் கடன் வாங்க முடியாது.

சூழல் சார்ந்த கேள்விகளில் மனப்பாடத்தின் குறை இன்னும் தெளிவாகப் புலப்படும். "முதியவர் ஒருவர் மருந்து உட்கொள்ள மறுக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?" என்று கேட்கப்படுவதாகக் கொள்வோம். "அன்பாகப் பேசி உட்கொள்ள வைப்பேன்" என்பது மாதிரிப் பதில். இப்பதிலில் அன்பு இருக்கிறது. கேட்டறியும் எண்ணம் இல்லை. அவர் ஏன் மறுக்கிறார்? மாத்திரை பெரிதாக இருப்பதால் விழுங்கச் சிரமப்படுகிறாரா? நேற்று அதை உட்கொண்டபின் குமட்டலெடுத்ததா? நோன்பு நோற்கிறாரா? இவ்வளவு மருந்துக்குப் பணம் யார் கட்டுவது என்று அஞ்சுகிறாரா? காரணத்தைப் பொறுத்துத் தீர்வும் மாறும். விழுங்க இயலாதவருக்கு நீர்ம வடிவில் மருந்து தரலாமா என்று மருத்துவரையோ மருந்தாளரையோ கேட்கலாம். குமட்டலெடுத்தவரின் நிலையை மருத்துவரிடம் உடனே தெரிவிக்கவேண்டும். முழு விளக்கத்தையும் கேட்டபிறகும் தெளிந்த மனத்துடன் ஒருவர் மறுத்தால், அவரைக் கட்டாயப்படுத்தத் தாதிக்கு உரிமை இல்லை. அதைப் பதிவேட்டில் எழுதி, மூத்த தாதியிடம் சொல்லவேண்டும். பதினேழு வயது மாணவருக்கு இவை அனைத்தும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. "முதலில் காரணத்தைக் கேட்பேன், எனக்குத் தெரியாவிட்டால் மூத்தவரிடம் கேட்பேன்" என்று சொல்லத் தெரிந்தால், அதுவே நல்ல தொடக்கம்.

தவறுகளைப் பற்றிய கேள்வியும் எழலாம். மருந்து கொடுக்கும்போது ஐந்து சரிகளைப் பார்க்கவேண்டும் என்று தாதிமை மாணவர்கள் கற்கின்றனர்: சரியான நோயாளி, சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம். இவ்வளவு கவனத்துக்குப் பிறகும் மனிதர் தவறு செய்யக்கூடும். அப்போது நோயாளியின் உயிரைக் காப்பது, தவறு நேர்ந்ததை உடனே வாய்திறந்து சொல்லும் துணிவே. குறையே இல்லாதவர்போல் தோன்றுவதற்காகப் பல வாரங்கள் ஒத்திகை பார்க்கும் மாணவர், தம்மையும் அறியாமல் இதற்கு நேர்மாறான பழக்கத்தை வளர்த்துக்கொள்கிறார். தெரியாததை மறைப்பதும் தடுமாற்றத்தைப் பூசி மெழுகுவதும் நேர்காணலில் ஒருவேளை பலிக்கலாம். மருத்துவமனையில் அப்பழக்கம் ஆபத்தாக முடியும். மனப்பாடத்தைத் தவிர்க்கவேண்டும் என்பதற்கு இதுவே தலையாய காரணம்.

அப்படியென்றால், மாணவர்கள் எவ்வாறு ஆயத்தமாகலாம்? தாதிமை இல்லத்திலோ மூத்தோர் பராமரிப்பு நிலையத்திலோ தொண்டூழியம் புரிவது ஒரு வழி. அங்கு எத்தனை மணி நேரம் இருந்தோம் என்று கணக்கிடுவதைவிட என்ன கண்டோம் என்பதில் கவனம் செலுத்தவேண்டும். படுத்த படுக்கையாக இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைப்பது ஏன்? வலி எவ்வளவு என்று கேட்கும்போது சுழியத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண்ணைச் சொல்லச் சொல்வது ஏன்? பேச முடியாதவரின் வலியை எப்படி அறிவது? இத்தகைய கேள்விகள் மனத்தில் எழுந்தால், அங்குள்ள தாதியரிடமே கேட்கலாம். ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும், கண்டது என்ன, புரியாதது என்ன, மனத்தைத் தொட்டது என்ன என்று குறிப்பேட்டில் சில வரிகள் எழுதி வைப்பது நல்லது. இரவுப் பணி பார்க்கும் தாதி ஒருவருடன் உரையாடினால், விழாக்காலத்திலும் பணிக்குச் செல்லவேண்டிய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதும் விளங்கும். அதன்பிறகு நண்பருடனோ ஆசிரியருடனோ பேசிப் பழகலாம். எதிர்பாராத கேள்விகளைக் கேட்கச் சொல்லி, சற்று யோசித்துப் பதில் சொல்லிப் பார்ப்பதே பயனுள்ள ஒத்திகை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

இக்கருத்தை மறுப்போரும் உள்ளனர். கூச்ச சுபாவமுள்ள மாணவருக்கு எழுதிப் பயின்ற பதில்களே தைரியம் தரும் என்பர். தொண்டூழியத்துக்கு நேரம் ஒதுக்க எல்லாருக்கும் வசதி இல்லை என்றும் சுட்டிக்காட்டுவர். இவ்விரண்டிலும் நியாயம் உண்டு. சொல்ல விரும்பும் கருத்துகளைக் குறித்துவைத்துப் பழகுவதில் தவறில்லை. ஒவ்வொரு சொல்லையும் ஒப்புவிப்பதுதான் தவறு. பள்ளி முடிந்ததும் வீட்டில் பக்கவாதத்தால் படுத்திருக்கும் தாத்தாவுக்கு உணவூட்டும் மாணவர், தொண்டூழியச் சான்றிதழ் இல்லையே என்று வருந்தத் தேவையில்லை. அந்த அனுபவமே பெரும் தகுதி. அதை விண்ணப்பத்தில் எழுதவும் நேர்காணலில் எடுத்துரைக்கவும் அவர் தயங்கக்கூடாது. தேர்வு செய்வோருக்கும் ஒரு கடமை உண்டு. சரளமாகப் பேசுவதை மட்டும் தகுதியாகக் கொண்டால், நிதானமாகப் பேசினாலும் கூர்ந்து கேட்கும் மாணவரை இழக்க நேரிடும். நோயாளிகளுக்குப் பெரிதும் தேவைப்படுவோர் அத்தகையவர்களே.

சில மாணவர்கள் நேர்காணல் அறைக்குச் செல்வதற்கு முன்னரே வீட்டில் ஒரு நேர்காணலைச் சந்திக்கிறார்கள். "இவ்வளவு நல்ல மதிப்பெண் எடுத்துவிட்டு ஏன் தாதி வேலை? டாக்டருக்குப் படிக்கலாமே!" என்று பெற்றோர் கேட்பதுண்டு. மகனாக இருந்தால், "இது பெண்கள் பார்க்கும் வேலையாயிற்றே!" என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். திருக்குறளின் 'மருந்து' என்னும் அதிகாரத்தில், நோயாளி, மருத்துவர், மருந்து ஆகியவற்றோடு அருகிலிருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தை நான்கு கூறுகளாக வள்ளுவர் வகுத்திருக்கிறார். ஆணா பெண்ணா என்ற பேதம் அங்கு இல்லை. சிங்கப்பூரில் 1885ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதல் நாளன்று கன்னிமாடத்துச் சகோதரிகள் பொது மருத்துவமனையில் தாதிமைப் பணியைத் தொடங்கினர். அதன் நினைவாகவே ஆண்டுதோறும் அந்நாளில் தாதியர் தினம் கொண்டாடப்படுகிறது. 2003இல் சார்ஸ் நோய் 238 பேரைத் தொற்றி 33 உயிர்களைப் பறித்தபோது, டான் டோக் செங் மருத்துவமனையின் தாதியர் தங்களுக்கும் தொற்றக்கூடும் என்பதை அறிந்தே பணியாற்றினர். 2030இல் சிங்கப்பூரர்களுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் 65 அல்லது அதற்கு மேற்பட்ட வயதுடையவராக இருப்பார் என்று அரசாங்கம் கணித்துள்ளது. இவற்றைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்லத் தெரிந்த மாணவர், தம் முடிவைத் தாமே ஆராய்ந்தவராவார்.

தமிழ் மாணவர்களிடம் இன்னொரு வளமும் இருக்கிறது. முதுமைக்கால மறதிநோய் முற்றும்போது, பிற்காலத்தில் கற்ற மொழியை மறந்து இளமையில் பேசிய மொழிக்கே திரும்பும் நோயாளிகள் உண்டு. "நெஞ்சைக் கரிக்குது", "தலை கிறுகிறுங்குது", "கை மரத்துப்போச்சு" என்று ஒரு மூதாட்டி சொல்லும்போது அவற்றின் வேறுபாட்டை உடனே புரிந்துகொள்ளும் தாதி, சரியான தகவலை மருத்துவரிடம் விரைவில் சேர்க்க முடியும். தாய்மொழியைப் பள்ளிப் பாடமாக மட்டும் எண்ணும் மாணவர்கள், நேர்காணலில் தங்கள் திறன்களைப் பட்டியலிடும்போது இதைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள்.

நேர்காணல் என்பது மாணவர் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் வாய்ப்புமாகும். தாதிமை இல்லத்தில் சில நாள் கழித்தபின், இப்பணி தமக்கு ஒத்துவராது என்று ஒருவர் உணர்ந்தால் அதில் இழிவில்லை. சேர்ந்தபின் மனமொடிந்து விலகுவதைவிட முன்னரே தெளிவது மேல். விருப்பம் உறுதியாக இருந்தும் முதல் முயற்சியில் இடம் கிடைக்காதவருக்கு வேறு வழிகள் உள்ளன. நன்யாங் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரியிலோ பட்டயக் கல்வி பயின்று, பதிவுபெற்ற தாதியாகப் பணியாற்றியபின் பட்டக்கல்வியைத் தொடர்வோர் பலர்.

ஆகவே, நேர்காணலை எதிர்நோக்கும் மாணவர்கள் மாதிரிப் பதில்களுக்குச் செலவிடும் வாரங்களில் ஒரு பகுதியையாவது நோயாளிகளின் அருகில் செலவிடவேண்டும். பள்ளிகள் அதற்கு வாய்ப்பு ஏற்படுத்தித் தரவேண்டும். பெற்றோர் அதை நேர விரயம் என்று கருதாமல் ஊக்குவிக்கவேண்டும். நேர்காணல் பதினைந்து, இருபது நிமிடங்களில் முடிந்துவிடும். அதற்காகக் கற்றுக்கொண்ட கவனிப்பும் நேர்மையும் தாதியாகப் பணியாற்றும் காலம் முழுவதும் தேவைப்படும்.