தானே ஓடும் வண்டியும் தொழிலாளியும்

மனிதன் தன் சுமையைப் பிறவற்றின்மேல் ஏற்றக் கற்றுக்கொண்ட வரலாறே நாகரிகத்தின் வரலாறு எனலாம். எருதின் முதுகிலும், சக்கரத்தின் மீதும், நீராவியின் ஆற்றலிலும் அவன் தன் பாரத்தை ஏற்றினான். அவ்வரிசையில் இன்று வந்து நிற்பது, ஓட்டுநர் இன்றித் தானே ஓடும் பண்டகசாலை வண்டி.

இவ்வண்டி நேற்றுப் பிறந்ததன்று. 1950களிலேயே அமெரிக்காவில் பாரெட் எலக்ட்ரானிக்ஸ் என்னும் நிறுவனம், கம்பி காட்டும் வழியே ஆளின்றிச் செல்லும் இழுவை வண்டியை உருவாக்கிற்று. 1974ஆம் ஆண்டில் சுவீடன் நாட்டுக் கால்மார் நகரில் திறக்கப்பெற்ற வோல்வோ தொழிற்சாலையில், கார்களின் உறுப்புகளைப் பொருத்தும் வேலைக்கு இத்தகைய வண்டிகள் பயன்பட்டன. பின்னர், 2003ஆம் ஆண்டில் தோன்றிய கீவா நிறுவனம் புதுமை ஒன்று செய்தது. அதன் தட்டையான வண்டி, தரையில் ஒட்டிய குறியீடுகளைக் கண்டு வழியறியும். அலமாரியின் அடியில் நுழையும். அதனை அப்படியே தூக்கிக்கொண்டு தொழிலாளி நிற்கும் இடத்திற்கே வந்து சேரும். பொருளைத் தேடி ஆள் நடந்த நிலை மாறி, ஆளைத் தேடிப் பொருள் வரும் நிலை உண்டாயிற்று. 2012ஆம் ஆண்டில் அமேசான் நிறுவனம் கீவாவை 77.5 கோடி டாலருக்கு வாங்கியது. தன் சாலைகளில் 10 லட்சம் இயந்திரங்களை அமர்த்திவிட்டதாக 2025ஆம் ஆண்டில் அது அறிவித்தது.

நாள்தோறும் பல கல் தொலைவு நடந்த கால்கள் ஓய்வு பெற்றன. இது நன்மையே. ஆயின், கைகள் ஓய்வு பெற்றனவா? நடந்து சென்று பொருள் எடுத்த காலத்தில், ஒரு பொருளுக்கும் மற்றொன்றுக்கும் இடையே தொழிலாளிக்கு மூச்சுவிடச் சிறிது நேரமாவது இருந்தது. இப்பொழுதோ ஓர் அலமாரி நகர்ந்ததும் அடுத்தது வந்து நிற்கிறது. நின்ற இடத்திலேயே குனிந்தும் நிமிர்ந்தும் ஒரே செயலை ஓயாமல் செய்ய வேண்டியுள்ளது. இயந்திரமுள்ள சாலைகளில் காயமுறுவோர் விகிதம் மிகுதி என்பதை, அமேசானின் உள் ஆவணங்களைக் கொண்டு அமெரிக்க இதழாளர்கள் 2020ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர். நிறுவனம் அதனை மறுத்தது.

இதனால் இயந்திரமே வேண்டா என்பது பொருந்துமா? பொருந்தாது. இறக்கி வைக்கக்கூடிய பாரத்தை முதுகில் சுமப்பதில் பெருமை யாதும் இல்லை. குறை, வண்டியின் விரைவுக்கு ஈடாக மனிதனும் விரைய வேண்டும் என்று வேலையளவு வகுப்பவரிடமே உள்ளது. ஆதலின் அவ்வளவுக்கு ஒரு வரம்பு வேண்டும். 2022ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த கலிபோர்னியா மாநிலச் சட்டம் ஒன்று இதற்கு வழிகாட்டுகிறது. பெரிய பண்டகசாலைகளில் ஒருவர் முடிக்க வேண்டிய வேலையளவை எழுத்தில் தெரிவித்தல் வேண்டும். உணவுக்கும் ஓய்வுக்கும் கழிவறைக்கும் செல்ல இடங்கொடாத அளவை விதித்தல் ஆகாது என்கிறது அச்சட்டம். சுமப்பவர் இளைப்பாறுதற்கென்றே வழியோரங்களில் சுமைதாங்கிக் கற்களை நட்ட நம் முன்னோரின் உள்ளமும் இதுவே அன்றோ?

மாணவர்களே! உங்களுள் சிலர் நாளை இத்தகைய வண்டிகளை அமைப்பீர்கள். சிலர் அவற்றின் அருகே நின்று தொழில் செய்வீர்கள். வண்டி எத்துணை விரைவாக ஓடும் என்று கணக்கிடும்பொழுது, அதன் எதிரே நிற்பவர் எத்துணை நேரம் சோராது நிற்க இயலும் என்பதையும் உடன் கணக்கிடுங்கள்.